பிறந்த ஊர்த் தண்ணீர்

எங்கள் குப்பத்துக்கும் முகத்துவாரத்துக்கு அப்பால் இருக்கிற குப்பத்துக்கும் சண்டை மூண்டால், முதலில் வாயை மூடிக்கொள்கிறவர்கள் மருமகள்கள். அந்தக் குப்பத்தில் பிறந்து இந்தக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். குழாயடியில் அவர்களுடைய குடங்கள் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். யாரும் தள்ளி வைப்பதில்லை. அவர்களே நகர்த்தி வைத்துக்கொள்வார்கள்.

சண்டை எப்போதும் ஏரியைப் பற்றியதுதான். பழவேற்காட்டு ஏரியில் இறால் ஓடுகிற இடங்களை ஊர்கள் முறைவைத்துப் பங்கிட்டிருக்கின்றன. இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர். அந்த முறைக்குப் பாடு என்று பேர். முறை தப்பி வலை கட்டினால் படகைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பிடிபட்ட படகைக் கேட்டு ஆண்கள் போவதற்கு முன்னால், அந்த ஊரில் பிறந்த மருமகள் ஒருத்தியை அனுப்புவது எங்கள் குப்பத்து வழக்கம். வெற்றிலைத் தட்டோடு அவள் தன் அப்பன் வீட்டு வாசலில் போய் நிற்பாள். "எங்க ஊர்ப் படகை வுட்டுடு நைனா" என்பாள். எங்க ஊர் என்று அவள் சொல்வது புகுந்த ஊரை. அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்பதற்காகத்தான் அவளை அனுப்புகிறார்களோ என்று எனக்குப் பிற்பாடு தோன்றியிருக்கிறது.

படகு வந்தால் நல்லது. வராவிட்டால், அவள் அங்கேயே ஒன்று சொல்லிவிட்டு வரவேண்டும்: இனிமே உங்க ஊர்த் தண்ணி குடிக்கமாட்டேன். சொல்லிவிட்டால் இங்கே அவளை யாரும் குத்திப் பேசமாட்டார்கள். குடம் பழைய இடத்துக்கு வந்துவிடும். என் அம்மா ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு வந்தாள். தன் தம்பி கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. படகு திரும்பி, ஊர்கள் சமாதானமான பிறகு போனாள். யாரும் எதையும் ஞாபகம் வைத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லையாம். அவர்கள் நீட்டிய சொம்பை வாங்கி மூச்சுவிடாமல் குடித்தாளாம்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு மருமகள் வெகுதூரத்து முகத்துவாரத்திலிருந்து வந்திருக்கிறாள். என் அண்ணி. ரஷ்யாவில், பெரிய ஆறு ஒன்று கடலில் விழுகிற இடத்தில், மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். அண்ணன் கப்பல் எஞ்சின் படிக்க உதவித்தொகையில் அங்கே போனான். அப்போது அந்த நாட்டுக்கு வேறு பேர். திரும்பி வரும்போது ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகமும் அண்ணியுமாக வந்தான். அண்ணன் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. அண்ணி தன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. பிள்ளை இல்லை. கேட்டால், "இன்னா பாப்பா, இந்த உப்புக் காத்து வுட்டுட்டு எங்க போறது" என்பாள். நான் தலை நரைத்தவள், பொன்னேரியில் பள்ளிக்கூட வாத்தியார். அவளுக்கு இன்னும் பாப்பாதான்.

அவள் தமிழ் மீன் ஏலக்கூடத்தில் கற்ற தமிழ். பொன்னேரி பஸ்ஸில் புதுக் கண்டக்டர் யாராவது அவளுடைய பூனைக்கண்ணைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தால், "பொன்னேரி ஒண்ணு குடுபா. சில்லற இல்ல, பேஜார் பண்ணாத" என்பாள். பின்சீட்டில் மீன்கூடைக்காரிகள் சிரிக்கிற சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்ப்பார்.

ரஷ்ய மொழி அவளுக்கு இரண்டு வேலைக்குத்தான் பயன்பட்டது. வாரத்துக்கு ஒருமுறை தன் தம்பியோடும் படுக்கையில் கிடக்கிற அம்மாவோடும் பேச. மற்றபடி பூனையைத் திட்ட. எங்கள் வீட்டுப் பூனைகள் தலைமுறை தலைமுறையாக ரஷ்ய மொழியில் வசவு வாங்கி வளர்ந்தவை.

இன்னொன்றும் உண்டு, மீன். நாங்கள் கருவாட்டை மணலில் பரப்புகிறவர்கள். அண்ணி மடவை மீனைக் குடல் எடுக்காமல் உப்பில் ஊறவைத்து, கண் வழியாகக் கயிறு கோத்து, கொல்லையில் துணிக்கொடி மாதிரி மாட்டிவிடுவாள். அவள் ஊர் வழக்கம். முதலில் பார்த்த பெண்கள், "இன்னா யக்கா, மீனுக்குத் தூக்குத் தண்டனையா?" என்றார்கள். பிறகு தின்று பார்த்தார்கள். பழவேற்காடு கடைத்தெருவில் சாயங்காலம் கூடுகிற ஆண்களுக்கு அது இல்லாமல் ஆகாதென்று ஆனது. ரஷ்யாக் கருவாடு என்றே பேர் விழுந்தது. அண்ணியும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்துதான் அதைப் போட்டார்கள். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே தென்னை மட்டை வேலி. கயிறு வேலியைத் தாண்டி அந்தக் கொல்லைக்கும் ஓடும். பாதி மீன் இங்கே, பாதி மீன் அங்கே தொங்கும்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே பெண். அது தவழ்ந்ததே எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். அண்ணியைப் பெரிமா என்று கூப்பிடும். டாக்டர் படிப்புக்கு அதற்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. உக்ரைனில் கிடைத்தது. கிழக்கே, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்துப் பட்டணம். பக்கத்து வீட்டுக்காரி பயந்தாள். கடலுக்குப் போகிற புருஷனை அனுப்பிப் பழகியவளுக்கு ஆகாயத்தில் பெண்ணை அனுப்பத் தெரியவில்லை. அண்ணிதான் சொன்னாள்: "தெகிரியமா அனுப்புடி. தெருவுல பூராவும் நம்ம பாஷ பேசற ஊரு அது. நான் சொல்லித்தரேன்." நம்ம பாஷை என்று அவள் சொன்னதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒரு சித்திரை வைகாசி முழுக்க வேலியோரத்தில் உட்கார்ந்து, மடவைக்கு உப்புத் தடவிக்கொண்டே, ரொட்டி எங்கே கிடைக்கும், எனக்குக் குளிர்கிறது, நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பூனை குழம்பிப்போய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

உக்ரைன் மேல் ரஷ்யா சண்டை ஆரம்பித்தது ஒரு மாசி மாதத்தில். வாடைக்காற்று ஓயவில்லை. ஏரியில் பூநாரைகள் இறங்கியிருந்தன. எல்லை தாண்டி வந்துபோகும் பறவைகளைப் பற்றி இந்த இடத்தில் ஏதாவது சொல்லத் தோன்றுகிறது. சொல்லமாட்டேன். அவை சேற்றைக் கிளறித் தின்றுகொண்டிருந்தன, அவ்வளவுதான்.

பெண் தங்கியிருந்த வீட்டின் கீழே ஒரு நிலவறை. வீட்டுக்காரக் கிழவியும் அக்கம்பக்கத்தாரும் அதில் இறங்கிவிட்டார்கள். பெண் அங்கிருந்து போன் செய்யும். சார்ஜ் போய்விடுமென்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடும். "கீறேன்மா. சத்தம் வருது. வெச்சுடறேன்." பக்கத்து வீட்டுக்காரி அந்த வார்த்தைகளை நாள் முழுக்க எல்லோரிடமும் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பாள். எந்த வார்த்தை எந்த இழுப்பில் வந்தது, கடைசியில் மூக்கை உறிஞ்சியது சளியா அழுகையா. அண்ணி முதல் இரண்டு நாள் அவள் கூடவே கிடந்தாள். மூன்றாம் நாள் டிவியில் உடைந்த கட்டடத்தைக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி டிவியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பின்னால் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கையில் வெற்றிலைத் தட்டு.

தட்டைப் பார்த்ததும் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வாரம் உலகத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய இதுதான். யாரோ யாருக்கோ போன் போட்டு, சொல்லிப் பார்க்கிறேன் என்றுகொண்டிருந்தார்கள்.

"நீ பொறந்த ஊரும்மா அது" என்றார் மூத்தவர். "நீ ஒரு வார்த்த சொல்லணும்."

"பெரீப்பா, அது குப்பம் இல்ல. எம்மாம் பெரிய தேசம் தெரியுமா? என் பேச்ச அங்க யாரு கேப்பா?"

"உன் தம்பி கீறான்ல. பட்டாளத்துல இருந்தவன்னு நீயே சொல்லிக்கீற. அவனாண்ட சொல்லு. அவன் அவனுக்கு மேல கீறவனாண்ட சொல்லட்டும். அந்தத் தெருவ மட்டும் வுட்டுட சொல்லு, போதும்."

"ஒரே ஒரு தெரு, யக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "தெருப் பேரு கூட எழுதி வெச்சிக்கீறேன்."

அண்ணி தலையில் கட்டியிருந்த துணியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வழக்கப்படி, போகச் சம்மதம் என்று அர்த்தம். போனை எடுத்தாள். எல்லோரும் கேட்கட்டுமென்று சத்தத்தைத் திறந்து வைத்தாள்.

மறுமுனையில் தம்பி. கனத்த, நல்ல குரல். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நாங்கள் அண்ணியின் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். முதலில் குழைந்து பேசினாள். பிறகு அந்தத் தெருப் பேர் வந்தது, இரண்டு தரம். பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். குரல் மட்டும் எங்கள் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பூனை தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கதவோரம் வந்து நின்றது.

பேசி முடித்ததும் அண்ணி போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னாம்மா சொல்றான்?" என்றார் மூத்தவர்.

"சண்டையே இல்லன்றான்."

"இல்லன்றானா?"

"அந்த ஊர்க்காரன் அவனே அவன் மேல குண்டு போட்டுக்கினு, எங்க மேல பழி போடறான்றான். பொண்ணுக்கு யாரோ சொல்லிக்குட்த்து பேச வெக்கறாங்கோ, அது பொய் சொல்லுதுன்றான்."

"என் பொண்ணு பொய் சொல்லுதா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நான் சொல்லலடி. அவன் சொல்றான்."

"உன் வாயாலதானே வருது."

மொழிபெயர்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு எந்தக் காலத்திலும் பதில் இருந்ததில்லை.

மூத்தவர் தொண்டையைச் செருமினார். கெட்டவர் இல்லை. அண்ணன் பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவர் அவர்தான். "சரிம்மா. நீ கேட்டுட்ட. அவன் கேக்கல. வழக்கம் உனக்கே தெரியும். தண்ணி மேல சொல்லிடு. நாளைக்கு ஒருத்தன் உன்னிய ஒரு வார்த்த பேசமாட்டான், நான் பாத்துக்கறேன்."

பக்கத்து வீட்டுக்காரி அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது. பெண் நிலவறையில் கிடக்கிறது, அதை அவளால் தொடமுடியாது. தொடக்கூடிய தூரத்தில் இருந்தது இந்த ஒரு சொல் மட்டும்.

"இந்தச் சண்ட தப்பு" என்றாள் அண்ணி. "கோயில்ல வந்து சொல்றேன். ரோட்டுல நின்னு சொல்றேன். அங்க நடக்கறது அக்குருமம். எங்காளுங்கதான் பண்றாங்கோ. ஆனா தண்ணி மேல சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"எங்கம்மா அங்க கீது. அது கையால குடிச்ச தண்ணிய இன்னா பண்ண சொல்றீங்கோ? வாந்தி எடுக்கவா?"

பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். தட்டு அங்கேயே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அதை எடுக்க வரவில்லை. நாங்களும் திருப்பிக் கொடுக்கவில்லை. வெற்றிலை காய்ந்து சுருண்டு, பிறகு ஒருநாள் காற்றில் போயிற்று.

யாரும் எங்களைத் தள்ளி வைக்கவில்லை என்பதையும் எழுதவேண்டும். ஊரில் விசேஷம் என்றால் சொன்னார்கள். கோயில் கூழுக்குக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலையில் அண்ணி குழாயடிக்குப் போனாள். எந்தப் பக்கமும் பார்க்காமல் தன் குடத்தைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. வேலி தாண்டி ஓடிய கயிற்றை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அவிழ்த்து, சுற்றி, இந்தப் பக்கம் போட்டிருந்தார்கள். அறுக்கவில்லை. நல்ல நைலான் கயிறு.

பழவேற்காடு கடைத்தெருவில் நேர் எதிரான தொல்லை. டீக்கடைக்காரர் அண்ணியைக் கண்டதும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "உங்காளு கெத்தும்மா! எவன் சொல்லியும் கேக்கல பாரு. நமக்கு எண்ணெயும் மலிவா குடுக்கறான். டீ என் கணக்கு, குடி." பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அந்தத் தலைவரைப் பற்றி சினிமாக் கதாநாயகனைப் பேசுகிற மாதிரி பேசினார். அண்ணி டீயைக் குடிக்கவில்லை. "எங்காளுன்றீங்களே, அங்க குண்டுக்கடியில நம்ம குப்பத்துப் பொண்ணு கீது" என்றாள். "அது பாவம்தாம்மா. அது வேற, இது வேற" என்றார் டீக்கடைக்காரர், உண்மையான வருத்தத்தோடு. வீட்டுக்கு வருகிற வழியில் அண்ணி சொன்னாள்: "பாப்பா, திட்டறவ ஊட்டாண்டயாவது நிக்கலாம். இவங்களாண்ட நிக்க முடியல."

சென்னையில் அவளுக்கு ஒரு கூட்டம் உண்டு. நம்மூர்க்காரர்களைக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள், ரஷ்யாவில் பிறந்தவர்கள், உக்ரைனில் பிறந்தவர்கள், எல்லோரும் ஒரே மொழி பேசி, வருஷத்துக்கு ஒருமுறை ஒரே பீட்ரூட் சூப்பைச் சமைத்து, யாருடையது சரியான பக்குவம் என்று சண்டை போடுகிறவர்கள். போனில் அவர்களுக்கு ஒரு குழு. முதலில் ஒருத்தி எதுவும் சொல்லாமல் வெளியேறினாள். அவளும் அண்ணியும் ஒரே வருஷத்தில் ஒரே விமான நிலையத்தில் சேலை கட்டத் தெரியாமல் வந்து இறங்கியவர்கள். பிறகு இன்னொருத்தி, நிறைய எழுதிவிட்டு வெளியேறினாள். மிச்சம் இருந்தவர்கள் ரோஜாப்பூப் படம் போட்டுப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். அண்ணி அதை வெறுமனே மேலே தள்ளித் தள்ளிப் பார்ப்பாள்.

தம்பி அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. அந்நிய தேசத்துக்குப் போய் எங்களைக் காட்டிக்கொடுக்கிறாய் என்று கடைசியாகச் சொன்னானாம். தம்பி பெண்டாட்டி எப்போதாவது திருட்டுத்தனமாகப் போட்டு, அண்ணியின் அம்மா காதில் போனை வைப்பாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். ஆக, இரண்டு ஊர்க் குழாயடியிலும் அண்ணியின் குடம் கடைசியில் நின்றது.

என் சங்கதியையும் சொல்கிறேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பள்ளிக்கூடம் விட்டால் பொன்னேரியில் பஸ் ஏறுவேன், ஊருக்கு முன்னாலேயே இறங்கி உப்பங்கழி ஓரமாக நடப்பேன். அந்த மாதங்களில் அதிகம் நடந்தேன். அண்ணன் கொண்டுவந்த தகரப்பெட்டியில் தமிழிலேயே அச்சான ரஷ்யப் புத்தகங்கள் இருந்தன. வழவழவென்ற தாள், பசை வாசனை, பனி. பார்த்தறியாத பனியை நான் அதிலிருந்துதான் என் எழுத்துக்குள் கொண்டுவந்தேன். வெயிலில் பிறந்தவள் பனியைப் பற்றி எழுதினால் கேலி செய்வார்கள், செய்தார்கள். இப்போது பெட்டியைத் திறந்தால் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. அந்தப் பனியில் பூட்ஸ் தடம் தெரிகிறது. பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் ஒருவர், அதையெல்லாம் இனிமேல் தொடக்கூடாது என்றார். இன்னொருவர், எழுதினவன் என்ன செய்தான் என்றார். இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் களைப்பு. பெட்டியை மூடி அதன் மேல் உப்பு மூட்டையை வைத்துவிட்டேன்.

பெண் வந்துசேர்ந்தது. பல நாடு சுற்றி, ரயிலில் நின்று, எல்லையில் நடந்து, யாருடையதோ ஒரு பெரிய கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு மத்தியானம் காரில் வந்து இறங்கியது. குப்பமே தெருவில் நின்றது. ஆரத்தி எடுத்தார்கள். அண்ணி எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றாள், அதற்கு மேல் போகவில்லை. பெண் இந்தப் பக்கம் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி அதன் தோளைத் தழுவி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

நான்கைந்து நாள் கழித்துக் கொல்லையில் அண்ணி பூனையை ரஷ்ய மொழியில் திட்டினாள், வழக்கம்போல. மடவையைக் கவ்விக்கொண்டு ஓடியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்றடியில் இருந்த பெண் கையில் இருந்த வாளியைப் போட்டுவிட்டது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். வேலி வழியாக அண்ணியைப் பார்த்தாள். திட்டவில்லை. "யக்கா, அந்தப் பேச்சு வேணாம் யக்கா" என்றாள், கெஞ்சுகிற மாதிரி. அதுதான் தாங்கமுடியவில்லை.

அண்ணி அன்றோடு நிறுத்திவிட்டாள். பூனையைத் தமிழில் திட்டினாள். பூனை பொருட்படுத்தவில்லை. தமிழ் அதற்குத் திட்டாகவே தெரியவில்லை. மீனைத் தின்றுகொண்டே நின்றது. கருவாட்டுக்கும் பேரை மாற்றினாள். ரஷ்யாக் கருவாடு இருக்கா என்று யாராவது கேட்டால், "கொடிக் கருவாடு கீது, வேணுமா?" என்பாள். வாங்குகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை, ருசி அதேதான். யாரும் அவளை மாற்றச் சொல்லவில்லை. நான், "இன்னாத்துக்கு அண்ணி?" என்றேன். "வுடு பாப்பா. நாக்கு அசதியா கீது" என்றாள்.

இப்படியே போயிற்று. அங்கே சண்டை நிற்கவில்லை. இங்கே டிவி வேறு சண்டைகளுக்குப் போய்விட்டது. பெண் மிச்சப் படிப்பைப் போனிலும் கணினியிலுமாகப் படித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வாசலைக் கடக்கும்போது கூடையை இடுப்பு மாற்றி, முகத்தை ஏரிப் பக்கம் வைத்துக்கொள்வாள். அண்ணி அந்த நேரத்துக்கு உள்ளே போய்விடுவாள். அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஒருத்தி காத்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தி சொல்லாமலே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண் வேலிச் சந்து வழியாக எங்கள் கொல்லைக்குள் வந்தது. கையில் போன். அண்ணி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து போகலாமா என்று யோசித்துக்கொண்டு.

"பெரிமா, ஆயா பேசி அனுப்பிக்கீது. அந்த ஊட்டுக்கார ஆயா. நெறைய பேசுது. எனக்குப் பாதி புரியல."

"நான் கேட்டா உனக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நீ கேளு. நான் காத மூடிக்கறேன்."

காதை மூடிக்கொள்ளவில்லை. அண்ணி செதில் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். கரகரத்த கிழக்குரல். பின்னால் ஏதோ தட்டுகிற சத்தம். அண்ணி ஒருமுறை முழுதாகக் கேட்டாள். பிறகு முதலிலிருந்து வைத்து, நிறுத்தி நிறுத்தி, எங்கள் குப்பத்துத் தமிழில் சொன்னாள்.

"நல்லாக்கீறியா கண்ணுன்னு கேக்கறாங்கோ. ஜன்னலுக்குப் பலக அடிச்சாச்சாம். அதான் தட்டற சத்தம். உன் டம்ளர் அலமாரில அப்படியே கீதாம். உன் மஞ்சத்தூள் டப்பாவுல கொஞ்சம் எடுத்து சூப்புல போட்டாங்களாம். பல்லெல்லாம் மஞ்சளாப் பூட்ச்சாம்."

பெண் சிரித்தது. அது வந்த பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் வந்து நின்றது.

அண்ணி அடுத்த துண்டைக் கேட்டாள். நிறுத்தினாள். மறுபடி கேட்டாள்.

"இன்னா பெரிமா?"

"இந்த ரஷ்யா பாஷையில நான் இப்ப யாராண்டயும் பேசறதில்லன்றாங்கோ. ஊர்ப் பாஷதான் பேசறேன், தப்பும் தவறுமா. பேரப்புள்ளைங்க சிரிக்குதுங்க. இது எங்கம்மா பேசின பாஷதான். ஆனா வாயில வெச்சா கசக்குது. உனக்கு வேற தெரியாதேன்னுதான் பேசறேன். இனிமே பேசமாட்டேன், கோச்சுக்காத கண்ணுன்றாங்கோ."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, எங்களை நோக்கி, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம்.

"அந்தம்மாவும் உன் பாஷையா?"

"அதேதான்" என்றாள் அண்ணி.

"அவங்களும் சொல்லிட்டாங்களா? தண்ணி குடிக்கமாட்டேன்னு?"

"சொல்லிட்டாங்கோ."

"அப்ப நீ?"

அண்ணி நெத்திலியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவங்க ஊட்டு மேல குண்டு உயுந்துச்சுடி. அவங்க சொல்லலாம். என் ஊட்டு மேல ஒண்ணும் உயல. நான் சொன்னா அது குடத்த முன்னாடி வெக்கறதுக்கு சொல்றதா பூடும்."

பக்கத்து வீட்டுக்காரி ஒப்புக்கொண்டாள் என்று நான் எழுதமுடியாது. இன்றுவரை அவள் ஒப்புக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. மட்டையை விலக்கிக்கொண்டு, சேலை சிக்க, இந்தப் பக்கம் வந்தாள். பெண்ணின் தலைக்கு மேலாகக் குனிந்து போனைப் பார்த்தாள்.

"இதுல நான் பேசினா அந்தம்மாவுக்குப் போவுமா?"

"போகும்மா. இத அழுத்தினு பேசு."

முதலில் பெண் பேசியது. உக்ரைன் மொழியில் நன்றி என்பதற்கான சொல் ஒன்று அதற்குத் தெரிந்திருந்தது, கிழவி இப்போது தப்பும் தவறுமாகப் பேசுகிற அந்த மொழி. அதைச் சொன்னது. பிறகு பக்கத்து வீட்டுக்காரி போனைக் கைப்பற்றி, தூரத்துக்குக் கேட்கவேண்டுமென்று கத்தினாள்: "யம்மா! என் பொண்ண உன் பொண்ணு மாரி வெச்சுக்கினியே, நீ நல்லா இருக்கணும்மா! ஊட்டுக் கதவு சன்னல்லாம் பத்திரமா சாத்திக்கோ! மஞ்சத்தூளு நான் அனுப்பறேன்!" பேசி முடித்துவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. "இது அவங்களுக்கு இன்னா புரியும்?"

யாரும் அண்ணியைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருந்தது அண்ணிக்குத் தெரிந்தது.

"எந்த பாஷையில சொல்றது?" என்றாள் அண்ணி. "எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்குக் கசக்குது. இதுக்கும் கசக்குது." பெண்ணைக் காட்டினாள்.

"நீ மெதுவா சொல்லு பெரிமா" என்றது பெண்.

"சொல்லித்தொலயேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "வேற யார அனுப்பறது நான்?"

அண்ணி போனை வாங்கிக்கொண்டாள். வாய்க்கு வெகு அருகில் வைத்து, ரகசியம் சொல்கிற மாதிரி, ரஷ்ய மொழியிலேயே பேசினாள். நீளமாகப் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கத்தியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏதோ சொன்னாள் என்று தோன்றியது. என்னவென்று நான் கேட்கவில்லை. பெண் தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, காதைப் பொத்தவில்லை. எங்கிருந்தோ பூனை வந்தது. வெகுநாள் கழித்து வீடு திரும்பியவளைப் பார்க்கிற மாதிரி அண்ணியைப் பார்த்து, அவள் காலில் முதுகைத் தேய்த்தது.

"திருட்டுக் கழுத" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, அதைப் பார்த்து.

அது நடந்து இப்போது கொஞ்ச காலம் ஆகிறது. ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. அண்ணி இன்னும் குடத்தைக் கடைசியில்தான் வைக்கிறாள், பழகிவிட்டது. கருவாடு கொடிக் கருவாடுதான். கயிறு சுற்றியபடியே கிடக்கிறது. எங்கள் ஊருக்கும் முகத்துவாரத்துக் குப்பத்துக்கும் பாடு முறைத் தகராறு வந்து, ஒரு மருமகள் போய், படகு வந்து, தீர்ந்தும் விட்டது. அங்கே தீரவில்லை.

கிழவியிடமிருந்து பதில் இல்லை. பேசமாட்டேன் என்று சொன்னவர் பேசாமல் இருப்பது நியாயம்தான். ஆனால் நாங்கள் அனுப்பியது போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் அடையாளமே விழவில்லை. அது அண்ணியின் போனிலும் தெரிகிற மாதிரி பெண் செய்து கொடுத்திருக்கிறது. காலையில் வேலைக்குப் புறப்படுகிறபோது எனக்குத் தினமும் கேட்கிறது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், முகம் காட்டாமல்.

"யக்கா, வந்துச்சா?"

"வரல. ஒத்த டிக்குதான் கீது."

"கரண்டு இருக்காது அங்க."

"ஆமா," என்கிறாள் அண்ணி, "கரண்டு இருக்காது."